என்ன நிறம், டோனா பத்மா?

போன கிழமை கார்த்திக் தொலைபேசியில் அழைத்தார். நான் வேலை பார்த்த கடல் ஆய்வுகூடத்தில் இப்போது ஆராய்ச்சி செய்யும் கோயம்புத்தூர்ப் பிள்ளை.

"மேடம், டிஸ்டர்ப் பண்றேனா? இனிமே ஆக்சிஜனை எல்லாம் சென்சார்லயே எடுக்கப் போறோம். அலமாரியில இருக்கிற கண்ணாடிக் குடுவையெல்லாம் என்ன பண்றது? தூக்கிப் போட்டுரலாமா?"

"கொஞ்சம் பொறும் தம்பி, யோசிச்சுச் சொல்லுறன்" என்றேன்.

"அப்படியே ஹெலேனா மேடத்தைப் பத்தியும் ஏதாவது எழுதிக் குடுங்களேன். பேப்பர்ல அவங்க பேரைப் பார்க்கிறோம். ஆள் எப்படின்னு இங்க யாருக்கும் தெரியல."

குடுவைக்கும் ஆளுக்கும் உள்ள தொடர்பு அவருக்குத் தெரியாது. தெரியாமலே இரண்டையும் ஒரே மூச்சில் கேட்டுவிட்டார். ஓய்வு பெற்றவளுக்கு நேரமா இல்லை? எழுதுகிறேன்.

நான் மொன்றியலுக்கு எதிர்க்கரையில், லொங்குய்யில் இருக்கிறேன். வேலைக்குப் போன காலம் முழுக்க மஞ்சள் கோடு என்ற மெட்ரோ ரயிலில், ஆற்றுக்கு அடியால் போய் வந்தவள். அந்த நேரத்தில் மற்றவர்கள் கைபேசியைப் பார்ப்பார்கள், தூங்கி விழுவார்கள். நான் தலைக்கு மேலே போகும் தண்ணீரை நினைத்துக்கொண்டிருப்பேன். அது கியூபெக் நகரத்தைத் தாண்டி, உப்பேறி, அகன்று, கரை தெரியாத இடத்துக்குப் போகும்வரை நானும் கூடவே போவேன். அப்படிப் போய், மாறி ஏற வேண்டிய ரயிலைத் தவறவிட்டு நின்ற நாட்களும் உண்டு. "உமக்கு ஆத்துத் தண்ணி மண்டைக்குள்ள போட்டுது" என்று என் கணவர் பகிடி பண்ணுவார். அவர் சொன்னது பிழையில்லை.

யாழ்ப்பாணத்தில் இரசாயனம் படித்தேன். அகதியாக மொன்றியலுக்கு வந்தேன். சென்ட் லோரன்டில் ஒரு மருந்துத் தொழிற்சாலையில், மாத்திரைகள் தண்ணீரில் எவ்வளவு வேகமாகக் கரைகின்றன என்று பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு கோட்-டெ-நெய்ஜில் ஒரு பல்கலைக்கழகக் கட்டடத்தின் நிலவறையில் ஆய்வுகூட வேலை கிடைத்தது. இது நடந்து முடிய என் இளமை முழுவதும் போனது. எழுத இவ்வளவுதான் வருகிறது.

அந்த நிலவறைக்கு எசமானி டொக்டர் ஹெலேனா. போர்த்துக்கல்லில் ஒரு மீன்பிடி ஊரில் பிறந்தவர். தகப்பன் படகில், தாய் மீனைத் தகரத்தில் அடைக்கும் ரின்மீன் தொழிற்சாலையில். உயரமில்லாத, உரத்துப் பேசாத பெண். முதல் சில வாரங்கள் எங்களுக்குள் வணக்கத்தைத் தவிர வேறு பேச்சில்லை. எங்களைச் சேர்த்து வைத்தது ஒரு மீன்குழம்பு.

நான் ஒருநாள் மேல்மாடிச் சமையலறையில் குழம்பைச் சூடாக்கிவிட்டேன். மறுநாள் கதவில் அறிவித்தல்: இங்கே மீன் சூடாக்கக் கூடாது. நான் வெட்கத்தோடு சாப்பாட்டுப் பெட்டியைப் பையில் மறைக்கப் பார்க்கும்போது ஹெலேனா உள்ளே வந்தார். அறிவித்தலை வாசித்தார். அவர் கையிலும் ஒரு பெட்டி, அதற்குள்ளும் மீன்.

"பாருங்கோ, இவையள் கடலைப் பற்றி ஆராய்ச்சி செய்யிற ஆக்களாம். மீன் மணக்கக் கூடாதாம்!"

அன்றிலிருந்து நாங்கள் இருவரும் கப்பலிலிருந்து வரும் பெட்டிகளை இறக்கும் பின்னறையில் சாப்பிட்டோம். நான் இடியப்பமும் மீன் சொதியும் கொண்டுபோவேன். அவர் பாண் ரொட்டிக்குள் சாடின் மீனை வைத்துக் கொண்டுவருவார். பாதிப் பாதி.

நாங்கள் கதைத்தது இருவருக்கும் இரவல் மொழியான பிரெஞ்சில். ஆனால் இப்போது நினைத்தால், அவர் என் காதில் யாழ்ப்பாணத் தமிழிலேயே பேசுகிறார். அப்படியே எழுதுகிறேன். பெயர் சொல்லிக் கூப்பிடும்படி எத்தனையோ தரம் சொன்னார். எனக்கு வாய் வரவில்லை, "டொக்டர்" என்றேன். பதிலுக்கு அவர் என்னை "டோனா பத்மா" ஆக்கினார். அவர்கள் ஊரில் வயதில் மூத்த பெண்களை அப்படித்தான் மரியாதையாகக் கூப்பிடுவார்களாம். முதலில் பகிடிக்குத்தான் தொடங்கியது. பிறகு அதுவே என் பெயராகிவிட்டது.

அவருடைய வேலை, ஆழத்துத் தண்ணீருக்கு மூச்சு இருக்கிறதா என்று பார்ப்பது. எங்கள் ஆறு கடலாக மாறும் இடத்தில், அடியில் நீண்ட பள்ளத்தாக்கு ஒன்று கிடக்கிறது. மேலே ஆற்றுத் தண்ணீர் கடலை நோக்கிப் போகும். அடியில் அத்திலாந்திக் தண்ணீர் எதிர்த்திசையில், நிலத்தை நோக்கி ஊர்ந்து வரும். கடல் வாசலில் நுழைந்த தண்ணீர் பள்ளத்தாக்கின் தலைமாட்டுக்கு வந்து சேரச் சில வருடங்கள் எடுக்கும். அவ்வளவு காலமும் அது காற்றைக் காணாது. கொண்டுவந்த ஒட்சிசனை வைத்துத்தான் உள்ளே இருக்கும் உயிர்கள் எல்லாம் சீவிக்க வேண்டும். அந்த ஒட்சிசன் வரவரக் குறைந்துகொண்டு போனது.

கப்பலில் அவர் வைத்த சட்டம் ஒன்று: ஒட்சிசனுக்குத்தான் முதல் தண்ணீர். ஆழத்திலிருந்து மாதிரிக் கலம் மேலே வந்ததும், உப்புப் பார்ப்பவர், நுண்ணுயிர் பார்ப்பவர் எல்லோரும் ஒதுங்கி நிற்க வேண்டும். இறப்பர்க் குழாயைக் குடுவையின் அடிவரை விட்டு, தண்ணீரைச் சத்தமில்லாமல் நிரப்பி, வழிய வழிய விட வேண்டும். ஒரு குமிழி சிக்கினாலும் அந்தக் குடுவை கழிவு. ஏனென்றால் காற்று கலந்தால் கணக்கு கூடிவிடும். பிறகு மங்கனீசுக் கரைசல், அதன் பின்னால் அயடைட்டுக் கரைசல். மூடியைச் சரித்துப் போட்டுக் குலுக்கினால் உள்ளே புகைபோல ஒரு படிவு எழும். தண்ணீரில் ஒட்சிசன் நிறைய இருந்தால் படிவு கடும் மண்ணிறம். குறையக் குறைய வெளிறும். ஒன்றுமே இல்லாவிட்டால் வெள்ளை.

நான் கப்பலில் போன இரண்டு முறையும் வாந்தி எடுத்ததைத் தவிர உருப்படியாக ஒன்றும் செய்யவில்லை. ஆனால் படிவின் நிறங்களுக்குப் பெயர் வைத்தவள் நான்தான். கடும் மண்ணிறம் கோப்பி, பிறகு பாலில்லாத தேநீரான வெறுந்தேத்தண்ணி, அதன்பின் பால்தேத்தண்ணி, வெள்ளை என்றால் பால். ஹெலேனா அதைக் கேட்டுச் சிரித்தார். அடுத்த கோடையில் கப்பலிலிருந்து அழைத்து, "டோனா பத்மா, தலைமாட்டில எல்லாம் பால்தேத்தண்ணிதான்" என்றார். பிறகு கூடத்தில் எல்லோரும் அப்படியே சொல்லத் தொடங்கினார்கள். எங்களோடு வேலை செய்த நோர்மண்டிப் பிரெஞ்சுக்காரர் ஒருவரின் வாயில் "வெறுந்தேத்தண்ணி" வருவதைக் கேட்க ஒரு தனி ஆனந்தம்.

படிவான குடுவைகள், கழுத்துவரை தண்ணீரில் அமிழ்ந்தபடி, வான் வண்டியில் மொன்றியலுக்கு வரும். மிச்ச வேலை என்னுடையது. அமிலம் விட்டால் படிவு கரைந்து பொன்னிறமாகும். அளவி என்னும் கோடிட்ட கண்ணாடிக் குழாயிலிருந்து கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டால் பொன் மங்கும். மாப்பொருள் சேர்த்தால் இருண்ட நீலம். இன்னும் சொட்ட, ஏதோ ஒரு சொட்டில் நீலம் திடீரென்று இல்லாமல் போகும். அதுவரை எவ்வளவு கரைசல் இறங்கியதோ, அதுதான் ஒட்சிசன் கணக்கு. அந்தச் சொட்டுக்காக நான் எத்தனையோ ஆயிரம் தடவை மூச்சைப் பிடித்திருக்கிறேன். ஒருதரமும் அலுக்கவில்லை.

ஹெலேனா அந்த நேரம் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். வானொலி பாடக் கூடாது. யாராவது மாணவர் குடுவையோடு ஓடி வந்தால் திட்டமாட்டார். கதிரையைக் காட்டி, "முதல் இருங்கோ. ஓடின கை குமிழியைக் கொண்டு வரும்" என்பார். மாணவர் உட்கார்ந்து, மூச்சிரைப்பு ஆறிய பிறகுதான் குடுவையை வாங்குவார். எந்தக் குடுவை எந்த ஆழம் என்று எனக்குச் சொல்லவே மாட்டார். தெரிந்தால் கை விரும்பிய பக்கம் சாயுமாம்.

ஆனால் மனம் விரும்பிய பக்கம் சாயாமல் இருக்க ஒரு வழியும் அவரிடம் இருக்கவில்லை.

ஒரு கோடையில் கடல் வாசலில் அவர் ஒரு தண்ணீரைக் கண்டார். லாப்ரடோர்ப் பக்கத்திலிருந்து வந்த குளிர்ந்த தண்ணீர். குடுவை கடும் கோப்பி. அவ்வளவு மூச்சோடு ஒரு தண்ணீர் பள்ளத்தாக்குக்குள் நுழைவதை அவர் அதற்கு முன் கண்டதில்லை. அது ஊர்ந்து தலைமாட்டை அடையும்போது அங்கே மூச்சுத் திரும்பும் என்று கணித்தார், எழுதினார், எல்லா மேடையிலும் சொன்னார். அந்தத் தண்ணீருக்குச் "சின்னவள்" என்று பெயரும் வைத்தார். சாப்பிடும்போது, "சின்னவ இப்ப வழியில இருக்கிற தீவைத் தாண்டியிருப்பா" என்பார். நானும் மெட்ரோவில் கண்ணை மூடிக்கொண்டு, இருட்டில், குளிரில், ஒரு சத்தமும் இல்லாமல் நடந்து வரும் அந்தப் பெண்ணைப் பார்ப்பேன்.

அதே காலத்தில்தான் அவருடைய தாய் நினைவு தடுமாறத் தொடங்கினார். தினமும் எங்கள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் போர்த்துக்கல்லிலிருந்து அழைப்பார். கேள்வி ஒன்றே ஒன்று: எப்போது வருகிறாய்? ஹெலேனா பாணை மென்றபடி, "டெபோய்ஷ், மாய், டெபோய்ஷ்" என்பார். மாய் அம்மா என்று தெரியும்; டெபோய்ஷ் என்றால் என்னவென்று ஒருநாள் கேட்டேன்.

"இப்ப இல்லை, கொஞ்சம் செல்ல. நீங்கள் என்ன சொல்லுவியள்?"

"பேந்து."

"பேந்து" என்று சொல்லிப் பார்த்தார். நன்றாகவே வந்தது. அவர் கற்ற தமிழில் தேத்தண்ணிகளுக்கு அடுத்தபடி அந்தச் சொல்தான்.

ஓய்வுபெற்று ஊருக்குப் போகும் வயது அவருக்கு எப்போதோ வந்துவிட்டது. "சின்னவ வரட்டும், கண்ணால பாத்திட்டுப் போறன்" என்று ஒவ்வொரு கோடையும் தள்ளிப்போட்டார். தாய் ஒரே நாளில் பல தடவை அழைக்கத் தொடங்கினார், முன்பு அழைத்தது நினைவில்லாமல். பிறகு அயல்வீட்டுப் பெண் அழைத்தார். அம்மா தன் வீட்டுக் குசினியில், தினமும் சமைக்கும் இடத்திலேயே நின்றுகொண்டு இது யாருடைய வீடு என்று கேட்கிறாராம். ஹெலேனா அன்று சாப்பிடவில்லை. அப்படியும், "இந்தக் கோடைதான், டோனா பத்மா. இந்தக் கோடை சின்னவ வந்திடுவா" என்றார்.

அந்தக் கோடை வந்தது. அவர் கப்பலில் போனார். கப்பலிலிருந்து வழக்கமாக வரும் அழைப்பு வரவில்லை. வான் வண்டியில் பெட்டிகளோடு தானே வந்து இறங்கினார். பெட்டியை என் மேசையில் வைத்தார். நான் மூடியைத் திறந்தேன்.

ஆழம் எழுதாவிட்டால் என்ன, எனக்குத் தெரியாதா? பின்வரிசை முழுக்கப் பால். கொஞ்சம் மஞ்சள் படிந்த பால். நான் அவரைப் பார்த்தேன்.

"நிறம் வெறும் நிறந்தான்" என்றார். "நம்பரைப் பாப்பம்."

பார்த்தோம். நீலம் வந்த வேகத்தில் போனது. அளவியில் கரைசல் இறங்கினதே தெரியவில்லை. அவர் கரைசலைச் சந்தேகப்பட்டார். சரி என்று, அளவு தெரிந்த நியமக் கரைசலை வைத்துச் சோதித்தேன், பிழை இல்லை. அவர் கேட்கவே இல்லை, தன் கையாலேயே எல்லாவற்றையும் புதிதாகக் கரைத்தார். ஒவ்வொரு ஆழத்துக்கும் இரட்டைக் குடுவை எடுப்பது அவர் வழக்கம். அந்த இரண்டாவது தொகுதியையும் செய்தேன். அதே கதை. குமிழி சிக்கியதென்றும் சொல்ல வழியில்லை. குமிழி கணக்கைக் கூட்டும், குறைக்காது.

அந்தத் தொகுதியில் கடைசிக் குடுவை ஒன்று மிஞ்சியது. "இதை நான் செய்யிறன்" என்று என்னை எழுப்பிவிட்டு என் கதிரையில் இருந்தார். அவர் எப்படிச் செய்வாரோ அப்படியே, அவசரமில்லாமல் செய்தார். நீலம் போனது. குடுவையை நிலவறையின் கூரையோரச் சின்ன யன்னல் வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தார். உள்ளே தெளிந்த தண்ணீர். அதற்குள் யாரையோ தேடுவதுபோலப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"சின்னவ வரேல்லை" என்றார். "வழியில கலந்து போயிட்டா. இல்லாட்டிப் பிந்திறா. அடுத்த கோடை வரக்கூடும்."

அந்த நேரம் மேசையில் கிடந்த அவருடைய கைபேசி ஒலித்தது. தாய். மத்தியானம் ஆகிவிட்டதை நாங்கள் கவனிக்கவில்லை. அவர் அதைக் கையில் எடுத்தார், அழைப்பை ஏற்கும் முன்பே அந்தச் சொல் உதட்டுக்கு வந்துவிட்டது. எனக்கு என்ன பிடித்ததோ தெரியாது. எட்டி அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"டொக்டர், அந்தச் சொல்லைச் சொல்லாதேங்கோ. என்ர அப்பா சாகேக்க நான் சென்ட் லோரன்டில மாத்திரை கரையிறதைப் பாத்துக்கொண்டு நிண்டனான். போக எனக்குப் பேப்பர் இல்லை. உங்களுக்குப் பாஸ்போட் இருக்கு, பிளேன் இருக்கு, அம்மா இருக்கிறா. ஒண்டும் இல்லாமல் நிண்டவளுக்கு முன்னால இருந்துகொண்டு பேந்து எண்டு சொல்லாதேங்கோ."

இத்தனை வருடம் ஒன்றாக மீன் தின்ற மனுசிக்கு அப்பாவைப் பற்றி அன்றுதான் முதல் தடவை சொன்னேன். எனக்கு அவர்மேல் கோபம், பொறாமை, பாசம், எல்லாம் ஒன்றாக வந்தது.

கைபேசி ஒலித்துக்கொண்டிருந்தது.

"தண்ணியை ஆர் பாப்பினம்?" என்று சின்னப் பிள்ளைபோலக் கேட்டார்.

"நான் பாப்பன். நிறத்தையும் சொல்லுவன். நீங்கள் போங்கோ."

அவர் கைபேசியைக் காதில் வைத்தார். போர்த்துக்கீசில் நெடுநேரம் பேசினார். எனக்கு அந்த மொழி விளங்காது. ஆனால் அந்தச் சொல் மட்டும் அதில் இருக்கவில்லை.

அவர் ஊருக்குப் போக முன்னர் மேல்மாடியில் ஒரு கூட்டம். இன்னொரு கோடை பொறுத்துவிட்டு முடிவை எழுதலாமே என்று ஒருவர் நல்லெண்ணத்தில் சொன்னார். "குடுவையில பிழை இல்லை. நான் நினைச்சதுதான் பிழை. அப்பிடியே எழுதுங்கோ" என்றார் ஹெலேனா. குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. நான்தான் பின்வரிசையில் இருந்து மூக்கை உறிஞ்சினேன்.

இலைகள் நிறம் மாறும் காலத்தில், பயணத்துக்கு முதல் நாள், அவரை வீட்டுக்குச் சாப்பிடக் கூட்டிப்போனேன். மஞ்சள் கோட்டு ரயில் ஆற்றுக்கு அடியில் இறங்கியதும் அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"டோனா பத்மா, இப்ப எங்களுக்கு மேல போற தண்ணி என்ன நிறம்?"

"கோப்பி."

"ஓம். இது காத்தைக் கண்ட தண்ணி" என்று சொல்லி என் தோளில் சாய்ந்தார். மேலே ஆறு போய்க்கொண்டிருந்தது. அந்த ரயில் இன்னும் கொஞ்சத் தூரம் ஓடாதா என்றிருந்தது எனக்கு.

சின்னவள் இன்றுவரை வரவில்லை. நான் ஓய்வு பெறும்வரை ஒவ்வொரு கோடையும் பெட்டியைத் திறந்து பார்த்தேன். தாய் போய்விட்டார், ஹெலேனாவின் மடியில். காத்திருந்திருந்தால் அவருக்கு இரண்டுமே இல்லாமல் போயிருக்கும்.

ஆகவே கார்த்திக், குடுவைகளைத் தாராளமாக எறியுங்கள். வெறும் கண்ணாடிதானே. ஆனால் ஒன்று: கப்பல் திரும்பியதும் போர்த்துக்கல்லிலிருந்து ஒருவர் அழைத்து நிறம் கேட்பார். சென்சாருக்கு நிறம் தெரியாது. அந்த எண்ணைப் பார்த்து, கோப்பியா, தேத்தண்ணியா, பாலா என்று நீங்களே யோசித்துச் சொல்ல வேண்டியிருக்கும். அவர் முதல்முறை அப்படி அழைத்ததைச் சொல்லி முடிக்கிறேன்.

அவர் போன அடுத்த கோடை. பெட்டி வந்து, நான் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறேன். தொலைபேசி அடித்தது.

"என்ன நிறம், டோனா பத்மா?"

வெறுந்தேத்தண்ணி என்று சொல்ல எவ்வளவு ஆசையாக இருந்தது! "பால்தான், டொக்டர்" என்றேன். "போனமுறையை விட வெளிறல்."

அவருக்குப் பின்னால் குசினிச் சத்தம், கரண்டி கோப்பையில் படும் சத்தம். இனி வரப்போகும் கேள்விகளுக்கு நான் ஆயத்தமாக நின்றேன். எந்த ஆழம், எவ்வளவு குளிர், தண்ணீரை எடுத்தது யார், ஓடி வந்தாரா, இருத்தினீர்களா? தண்ணீரைப் பற்றித் தொடங்கினால் அவரிடமிருந்து தப்பி வந்தவர் யாரும் இல்லை.

"எந்த ஆழம்…" என்று தொடங்கினார். அப்போது பின்னாலிருந்து ஒரு முதிய குரல் எதையோ கேட்டது.

ஹெலேனா எனக்குத் தமிழில் சொன்னார்.

"பேந்து, டோனா பத்மா, பேந்து."

பிறகு பிரெஞ்சில், அவசரமாக: "அம்மாவின்ர சூப் ஆறுது."

தொலைபேசியை வைத்துவிட்டார்.